ஒண்டுக்குடித்தனம்

வால்மியேரா பால் கூட்டுறவுச் சங்கத்தின் நிலவறையில்
இருபத்து மூன்று சர்வர்கள்.
ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, தனி வாசல்,
தனி மின்சாரம்.
ஒரு மாதம் அளந்து பார்த்தேன்.
நூற்றுக்கு ஏழு பங்குதான் வேலை.
மிச்ச நேரமெல்லாம் விசிறியைச் சுழற்றிக்கொண்டு
விழித்தபடியே தூங்குகின்றன.

இவர்களை ஒண்டுக்குடித்தனம் வைக்க வேண்டும்.
வீடு பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

கணக்குப் பிரிவிலிருந்து இல்க்வார்ஸ் இறங்கி வந்தான்,
கோட்டில் பனி உதிராமல்.
"ஒரே ஒரு பெரிய பெட்டி போதாதா?
நாலு செயலி, மலைபோல் மெமரி?"
மலை சாய்ந்தால், என்றேன்,
பால் காத்திருக்காது.
"சரி, இரண்டு?"
மூன்று.
எந்த ஒன்று விழுந்தாலும்
அதன் குடித்தனக்காரர்களுக்கு
மற்ற இரண்டிலும் பாய் விரிக்க இடம் வேண்டும்.
"காலியாகக் கிடக்கவா காசு கொடுப்பது?"
ஆமாம் இல்க்வார்ஸ்,
காலி இடத்தைத்தான் வாங்குகிறோம்.

ரீகாவிலிருந்து வந்த விலைப்பட்டியலில்
அறுபத்து நாலு கோர், தங்க எழுத்தில்.
லைசென்ஸ்காரன் தலையெண்ணி வரி வாங்குகிறவன்.
கூட்டம் வேண்டாம்,
ஓடத் தெரிந்த பதினாறு பேர் போதும் என்று அடித்தேன்.
மெமரிக்கு முப்பத்திரண்டு பள்ளம்.
பதினாறை மட்டும் நிரப்பச் சொன்னேன்,
இரண்டு பக்கமும் சமமாக.
மீதி, இன்னும் பிறக்காதவர்களுக்கு.
இரண்டு பவர் சப்ளை, இரண்டு வேறு கம்பியில்.
இந்த வரியில் மட்டும் பேரம் பேச விடவில்லை.

அப்புறம் பதினேழாம் எண்.

நெற்றியில் பழுத்துப்போன ஒட்டுத்தாள்:
"தொடாதே. மோ."
மோட்ரிஸ் லிமரிக் போய் ஒன்பது வருடம்.
எழுதிக் கேட்டேன். சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினான்,
வேறொன்றும் இல்லை.
என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாத பெட்டிக்கு
ஒரே வைத்தியம்தான்.
வயரைப் பிடுங்கு. யார் கத்துகிறார்கள் என்று பார்.

முதல் நாள் சத்தமில்லை.
இரண்டாம் நாள் நான் விசிலடித்தேன்.
மூன்றாம் நாள் விடிகாலை நாலே முக்காலுக்கு
மஸ்ஸலாட்சாவிலிருந்து போன்:
எடைமேடை ஊமையாகிவிட்டது,
ஏழு டேங்கர் லாரிகள் பனியில்,
ஓட்டுநர்கள் உன் பெயர் கேட்கிறார்கள்.

பைஜாமாவோடு வந்து வயரைச் செருகினேன்.
அதன் முதுகில் கட்டைவிரல் அளவு ஒரு பூட்டு,
அதற்குள் எடை மென்பொருளின் உயிர்.
புதிய பெட்டிகளில் அந்தத் துளையே கிடையாது.
செய்த கம்பெனியும் இப்போது இல்லை.

ஆக, இருபத்திரண்டு மூன்றாயின.
ஒன்று ஒன்றாகவே நின்றது.
ஓர் இரவில் குடிபெயர்த்தேன்.
ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கி வைத்தேன்.
சம்பளப் பட்டியலுக்குத் தான் வீடு மாறியதே தெரியாது.
பழையவற்றை ஒவ்வொன்றாக அணைத்தேன்.
கடைசி விசிறி நின்றபோது
என் காது எனக்கே கேட்டது.

வெள்ளிக்கிழமை விஸ்மா வந்தாள், சோதனைக்கூடத்துக்காரி.
"சுவருக்கு என்ன செய்தாய்?"
அந்தப் பக்கம் அவள் அறை.
ஒவ்வொரு பிப்ரவரியும்
நாற்பது தயிர்க் கோப்பைகளில் தக்காளி விதைத்து
எங்கள் சுவரோடு சேர்த்து அடுக்குவாளாம்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
சுவர் செத்துக் குளிர்ந்துவிட்டது,
முளைகள் தலை சாய்ந்துவிட்டன.

என் அட்டவணையில் கோர் இருந்தது, மெமரி இருந்தது,
மின்சாரச் சேமிப்பை இரண்டு தசமம் வரை போட்டிருந்தேன்.
விஸ்மா இல்லை.

ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளை ஏந்தி வந்தோம்,
மூன்று நடை.
பதினேழாம் எண்ணுக்குப் பின்னால்,
அது மூச்சுவிடும் இடத்தில், பலகை போட்டு வைத்தோம்.
தண்ணீர் ஊற்றாதே என்றேன்.
"கரண்டியால்தான்," என்றாள்.

திங்களன்று சொத்துப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்பது வருடமாகக் காலியாகக் கிடந்த
'பயன்பாடு' என்ற கட்டத்தில் தட்டினேன்:
எடைமேடை. தக்காளி.
இல்க்வார்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டான்,
படிக்காமலா, படித்துவிட்டா, தெரியவில்லை.